அப்பா கொஞ்சம் வெளிய இருங்க

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மொத தடவையா? மொத தடவைதான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பையனா, பொண்ணா? பையனாத்தான் இருக்கும். இங்க வாரதுல முக்காவாசி பையங்கதான். அம்மாவோட அந்த ரூமுக்குள்ள போயிருக்கானா? காது டெஸ்டு எடுப்பாங்க. ஒண்ணும் பயப்பட வேண்டாம், வலிக்காது. ரெண்டரை வயசு இருக்குமா? இருக்கும். நீங்க வெளியூர்லதான் வேலை பாப்பீங்க. சரி, சரி.

நான் எட்டு மாசமா வாரேன். வியாழக்கிழமையானா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, சங்கரன்கோவில்ல பஸ் ஏறி, இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்து எறங்கிருவேன். எதிர்ல இருக்க ரூமுக்குள்ள என் வீட்டுக்காரி கோமதியும், மக யாழ்மொழியும் இருக்காங்க. நான் வெளிய இருக்கேன். ஏன் வெளிய இருக்கேன்னு கேக்கீங்களா? நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் செய்வேன். இந்தப் பேச்சுப் பயிற்சிச் சென்டரை நடத்துதுல்லா ஒரு பொண்ணு, ஜெசிந்தா மேடம், அதுதான் சொல்லிட்டு. "அப்பா கொஞ்சம் வெளிய இருங்க." அந்தப் பொண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்குமா? என்னையப் பாத்துச் சொல்லுது!

என்னைய அடையாளம் தெரியலையா? நல்லாப் பாருங்க. சொல்மாரி செண்பகராமன். பட்டிமன்றம் கேப்பீங்கல்லா? பகல்ல தாலுகா ஆபீஸ்ல பதிவறை எழுத்தர். அது சோத்துக்கு. சாயங்காலம் ஆனா மேடை. ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர்னு நான் மைக்கப் பிடிக்காத கோயில் கொடை விழா கெடையாது. நடுவர் மணி அடிச்சாலும் நிப்பாட்டமாட்டேன். "சொல்மாரிக்கு மட்டும் ரெண்டு மணி அடிக்கணும்"னு ஒரு நடுவர் சொன்னாரு. அவ்வளவு பெரிய பாராட்டு.

அப்படிப்பட்டவன் வீட்டுல தம்பி, பிள்ளை பேசலை.

பேர்லயே மொழின்னு வச்சிருக்கேன். யாழ்மொழி. ஒண்ணரை வயசு வரைக்கும் நான் கண்டுக்கவே இல்ல. பெரிய பேச்சாளர்கள் எல்லாம் ஆரம்பத்துல அமைதியாத்தான் இருப்பாங்கன்னு நானே எல்லாருக்கும் சொன்னேன். ரெண்டு வயசு ஆச்சு. என் தங்கச்சி மகன் இவளுக்கு மூணு மாசம் இளையவன். அவன் "மாமா, பஸ்சு, டாட்டா"ங்கான். இவ என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி காட்டுவா. அவ்வளவுதான். சத்தமே இருக்காது.

அதுகூடப் பெருசில்ல. கழுகுமலையில ஒரு மேடை. எதிரணியில ஆறுமுகநயினார்னு ஒருத்தர். என் பேச்சு முடிஞ்சதும் எந்திரிச்சாரு. "ஊருக்கெல்லாம் மழை பெய்யுற சொல்மாரி வீட்டுல மட்டும் வறட்சியாமே!" அப்படின்னாரு. ஐநூறு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மேடையில சிரிக்காம இருந்தா தோத்த மாதிரி ஆயிரும்லா. யாரு போயிச் சொன்னா, எவன் சொன்னான்னு தெரியலை. பிள்ளையக் கொண்டுபோயி மேடையில வச்சுட்டாரு பாருங்க. அதை நான் மன்னிக்கமாட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். செவரு பூராவும் படம். யானை, பூனை, ரயில், கத்தரிக்கா. காலையில பல்லு வெளக்குமுன்ன முப்பது படம். "இது என்ன? சொல்லு. யா... னை. சொல்லு. அப்பா வாயப் பாரு. யா... னை." அவ என் வாயப் பாப்பா. நல்லாப் பாப்பா. பெறகு பாயில போயிப் படுத்துக்கிடுவா. நான் ஆபீசுக்குப் போனப்பெறகு வீடு அமைதியாயிரக் கூடாதுல்லா? அதனால என் பேச்செல்லாம் ஒரு பாட்டுப் பெட்டியில பதிஞ்சு, அதைக் கூடத்துல ஓட விட்டுட்டுப் போவேன். காலையில ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம். கைதட்டல் சத்தத்தோட.

கோமதிய நம்ப முடியாது. கெட்டவள்னு சொல்லலை தம்பி, தங்கமான குணம். ஆனா வாய் தொறக்கமாட்டா. கல்யாணம் ஆகி ஆறு வருஷத்துல அவ பேசி நான் கேட்டது ரொம்பக் கொறச்சல். நானும் பல தடவை "ஏதாவது பேசேன் கோமதி, எப்படிப் பேசணும்னா..."ன்னு வெளக்கிச் சொல்லியிருக்கேன். பிள்ளைக்கு அவ வாய்தான் வந்திருக்குன்னு நான் முடிவு பண்ணினேன்.

மொதல்ல காது டாக்டர்கிட்டப் போனோம். மெஷின்லாம் வச்சுப் பாத்துட்டு, "காது அருமையாக் கேக்குது"ன்னாரு. நான் பிள்ளையோட வரலாற்றை ஒரு இருபது நிமிஷம் எடுத்துச் சொன்னேன். அவர் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "கேக்கறதுக்கு உங்க வீட்டுல பஞ்சமே இல்ல போல"ன்னாரு. நல்ல மனுசன். எடுத்த எடுப்புல என்னையப் புரிஞ்சுகிட்டாரு. அவர்தான் இங்க எழுதிக் குடுத்தாரு.

வந்தா, இந்தப் பொண்ணு. மொத நாள் கோமதியப் பாத்துக் கேக்குது, "பாப்பாவுக்கு என்ன வெளையாட்டு பிடிக்கும்?" நான் சொன்னேன், "தண்ணி." "பாப்பாவுக்கு ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பா?"ன்னுது, மறுபடியும் கோமதியப் பாத்து. நான் சொன்னேன், "கேக்க விடமாட்டேன் மேடம். அவ நெனைக்கதுக்கு முன்னாலயே கையில குடுத்திருவேன்." அந்தப் பொண்ணு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு. அப்பவே எனக்குச் சந்தேகம். பெரிசாப் பேசத் தெரியாதவங்கதான் எழுதுவாங்க.

பெறகு பாய விரிச்சுது. தரையில உக்காந்துது. பத்து நிமிஷம். பத்து நிமிஷம் தம்பி, ஒரு பேச்சு இல்ல. யாழு ஒரு மரக்கிண்ணத்தை எடுத்துத் தரையில தட்டினா. இந்தப் பொண்ணு இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் தட்டிட்டு. "டொக்"ன்னுது. அவ்வளவுதான். பெறகு பேசாம பிள்ளை மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கு. நான் எவ்வளவு நேரம் பொறுப்பேன்? "சொல்லும்மா, டொக்கு! டொக்கு சொல்லு!" அப்படின்னேன். "அப்பா, பாப்பாவுக்கு யோசிக்க நேரம் குடுங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க"ன்னுது. சரின்னு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... "மனசுக்குள்ள அப்பா"ங்குது. மனசுக்குள்ளதான் எண்ணினேன். கொஞ்சம் வெளிய கேட்டுட்டு.

வீட்டுல செய்ய ஒரு பாடம் குடுத்துது. தெனம் கால் மணி நேரம் பிள்ளை கூட தரையில உக்காரணும். படம், பெட்டி, போன் எதுவும் கூடாது. அவ எதைப் பாக்காளோ அதை நீங்க பாக்கணும். அதுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். பெறகு காத்திருக்கணும். இது என்ன, அது என்னன்னு கேள்வி கேக்கக் கூடாது. சொல்லு சொல்லுன்னு கெடுபிடி பண்ணக் கூடாது. அவ தப்பா ஒண்ணு சொன்னாலும் தப்புன்னு சொல்லாம, நாம அதையே நல்லபடியா இன்னொரு தடவை சொன்னாப் போதும். இதான் பாடம். இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சென்டரு!

செய்யாம இல்ல, செஞ்சேன். வாசல்ல யாழு குத்தவச்சு ஒரு எறும்பப் பாத்துக்கிட்டு இருந்தா. நானும் குத்தவச்சேன். "எறும்பு"ன்னேன். அவ என்னையத் திரும்பிப் பாத்தா. கண்ணுல ஒரு வெளிச்சம். அதோட விட்டிருக்கலாம்னு கோமதி பிற்பாடு சொன்னா. நான் எப்படி விடுவேன்? எறும்போட உழைப்பு என்ன, ஒழுங்கு என்ன, வரிசை என்ன! பாதியில பாக்கேன், எறும்பும் போயிட்டு, பிள்ளையும் போயிட்டு. முடிவுரைய வாசப்படிக்குச் சொல்லிட்டு எந்திரிச்சேன்.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க... இருங்க, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன்.

பங்குனியில ஒம்பது நாள்ல ஏழு மேடை. ஏழாவது மேடையில பாதிப் பேச்சுல தொண்டை கட்டிப்போச்சு. காத்துதான் வருது. அதே காது டாக்டர்தான் தொண்டையும் பாப்பாரு. குழாய உள்ள விட்டுப் பாத்துட்டு, "ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறினா மேடைய மறந்திருங்க"ன்னுட்டாரு. ஒரு சிலேட்டு வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். எனக்கு அந்த ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுங்கீங்க? வீட்டுக்குள்ளயே என்னைய வெளிய நிறுத்தின மாதிரி இருந்துது.

மூணாவது நாள். பின்பக்கம் தொட்டிகிட்ட யாழு வெளையாண்டுக்கிட்டு இருக்கா. நான் துணி தொவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கேன். ஒரு டம்ளரைக் கொண்டாந்து என் கையில வச்சா. என்னன்னு கேக்க எனக்கு வாயில்ல. சும்மா பாத்தேன். அவளும் பாத்தா. என் வாயையே பாத்தா தம்பி. எப்பவும் அங்கேருந்து ஏதாவது வரும்லா? வரலை. தலையச் சாய்ச்சுப் பாத்தா. அப்பவும் வரலை. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியலை, கொழாய்லேருந்து சொட்டு விழுந்துகிட்டே இருக்கு. அப்ப அவ உதட்டக் கூட்டினா. "ஊத்து"ன்னா.

ஊத்து.

மூணு வருஷத்துல மொத வார்த்தை. எனக்குக் கத்தணும்போல இருக்கு, கத்த முடியலை. கண்ணுலேருந்து தண்ணி வருது. டம்ளர்ல மோந்து ஊத்தினேன். "ஊத்து." மறுபடியும் ஊத்தினேன். "ஊத்து." தொட்டி காலியாகுற வரைக்கும் ஊத்தினேன் தம்பி. பெறகு ஓடிப்போயி கோமதிய இழுத்துட்டு வந்து சிலேட்டுல எழுதிக் காட்டினேன். "ஊத்து என்றாள். ஊற்று என்பதே சரி. நாளை திருத்தலாம்." கோமதி படிச்சா. முந்தானையால அழிச்சா. பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு, "தண்ணி ஊத்து. அப்பா தண்ணி ஊத்துறாங்க"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயிட்டா.

அந்த ரெண்டு வாரமும் கோமதி பேசினா பாருங்க! இவ இவ்வளவு பேசுவாளான்னு நான் அசந்துபோயிட்டேன். அடுப்படியில பிள்ளைய சமையல் மேடையில உக்காத்தி வச்சுக்கிட்டு, "மாவு... ஊத்துறேன். சுடும். ஊது, ஊது. தோசை வந்துட்டு"ன்னு மெதுவா, நிறுத்தி நிறுத்தி. ஒரு சொல்லு சொல்லுவா. பிள்ளை மூஞ்சியப் பாப்பா. சும்மா இருப்பா. பிள்ளை "ஊ"ங்கும். "ஊது! ஆமா, ஊது"ம்பா. ரெண்டு பேருமா கெக்கெக்கென்னு சிரிப்பாங்க. நான் கூடத்துல சிலேட்டோட உக்காந்து கேப்பேன். பதினாலு நாள்ல பதினோரு வார்த்தை. ஊத்து, ஊது, தோச, பூன, போ, இந்தா, அம்மா... அப்பாவும் உண்டு. அதை மட்டும் சிலேட்டக் காட்டித்தான் சொல்லுவா. என் கழுத்துல தொங்குத சிலேட்டுக்குப் பேரு அப்பான்னு நெனச்சிருக்கா.

இது எப்படி வந்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா ஒரு நாளு நெறைஞ்சு வழியும்லா? ஒரு வருஷமா நான் ஊத்தின தமிழ், அந்தப் பெட்டியில ஓடின பேச்சு, எல்லாம் உள்ள நெறைஞ்சு, சரியா நான் தொண்டை கட்டிக் கெடந்த நேரமாப் பாத்து வழிஞ்சிருக்கு. என் கெட்ட நேரம், பேரு பூராவும் மத்தவங்களுக்குப் போயிட்டு. ஜெசிந்தா மேடத்துகிட்ட சிலேட்டுல ரெண்டு பக்கம் எழுதிக் காட்டினேன். சிரிச்சுது. "சிலேட்டு நல்லாருக்கு அப்பா, இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கோங்களேன்"ன்னுது. என் கையெழுத்தைச் சொல்லுதுன்னு நெனச்சுகிட்டேன்.

பதினஞ்சாவது நாள் தொண்டை சரியாப்போச்சு. விடுவேனா? விட்ட பாடம் எல்லாத்தையும் சேத்து, காலையிலயே அறுபது படம். அவ தொட்டிகிட்ட நின்னு "ஊத்து"ன்னா. "ஊற்று. சொல்லும்மா, ஊற்று. வல்லினம் வரணும்"ன்னேன். டம்ளரக் கீழ வச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கு மூடின வாய நாலு நாள் தொறக்கலை. ஒண்ணு மட்டும் செய்வா. நான் பேச ஆரம்பிச்சா வந்து என் வாய் மேல உள்ளங்கைய வச்சு அமுக்குவா. மீசைன்னா அவளுக்கு அவ்வளவு பிரியம்.

அந்த ஞாயித்துக்கிழமைதான் எங்க ஊரு நூலக விழா. தலைப்பு என்ன தெரியுமா? "பிள்ளையின் பேச்சுக்குப் பெரிதும் துணை நிற்பது வீடா, பள்ளியா?" எனக்குன்னே வச்ச மாதிரி! நான் வீட்டு அணி. என் மக கதைய எடுத்தேன். வறட்சின்னு சொன்ன ஆறுமுகநயினாரு எதிர்ல உக்காந்திருக்காரு. "இதோ, அந்த வறண்ட நெலத்துல பூத்த பூ!"ன்னு கோமதி மடியிலேருந்து யாழைத் தூக்கி மேடையில நிறுத்திட்டேன். கூட்டம் ஆரவாரம் பண்ணுது. மைக்கை எறக்கி அவ வாய்கிட்ட வச்சு, "உன் பேரு என்னம்மா?"ன்னேன்.

கூட்டம் அடங்கிப்போச்சு. ஒரு சத்தம் இல்ல. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். நிசமாவே மனசுக்குள்ளதான். அஞ்சு, ஆறு... மேடையில அவ்வளவு நேரம் அமைதின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. ஆறுமுகநயினாரு வாய்கிட்ட ஒரு சிரிப்பு வருது. ஏழு. எனக்குத் தாங்கலை. "யாழ்மொழி! என் மகள் பெயர் யாழ்மொழி!"ன்னு முழங்கிட்டேன். கைதட்டு கூரையப் பிச்சுட்டுப் போச்சு. நாங்கதான் ஜெயிச்சோம்.

மேடைக்குப் பின்னால கோமதி வந்தா. பிள்ளைய வாங்கிக்கிட்டா. "அவ வாயத் தொறந்துட்டா. உதடு 'யா'ன்னு வந்துட்டு. நான் கீழேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்கதான் பறிச்சுட்டீங்க. பிள்ளை பேரக்கூட நீங்களே சொல்லிக்கிட்டா, அவ எதைத்தான் சொல்லுவா? நான் எதைச் சொன்னேன் இத்தனை வருஷத்துல?" நான் நடுவுல ரெண்டு தடவை பேசப் போனேன். கைய நீட்டித் தடுத்துட்டா. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க"ன்னா. கோமதி! ஆறு வருஷத்துல மொத தடவை. நான் ஆடிப்போயிட்டேன். சொன்ன விஷயத்தை விடுங்க, எவ்வளவு கோர்வையாச் சொன்னா பாத்தீங்களா? என் கூட இருந்து வந்த பழக்கம்.

அதை அவ இங்க வந்து சொல்லிட்டா. அதுக்குத்தான் இந்தத் தண்டனை. நாலு வாரம், அப்பா வெளிய. இது மூணாவது வாரம்.

மொத வாரம் கோவத்துல பேப்பரப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு எழுத்தும் படிக்கலை. போன வாரம், இந்தக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். உள்ள ஒரு பிள்ளை பேசுது. "பூன பாலு குடிச்சிட்டு. போயிட்டு. காணும்"ங்குது. நல்ல கணீர்னு இருக்கு. யாரு பிள்ளையோ, குடுத்து வச்சவன்னு நெனச்சேன். நம்ம பிள்ளை நேரத்துல வேற பிள்ளைய உள்ள விட்டுட்டாங்களே, போயிக் கேக்கணும்னு எந்திரிச்சுட்டேன். கதவுல கைய வச்சுட்டேன். அப்பதான் கோமதி உள்ள சொல்லுதா, "ஆமா யாழு, பூனையக் காணும்."

என் மக கொரலு தம்பி. எனக்கு அடையாளம் தெரியலை. அவ மூணு வார்த்தை சேத்துப் பேசி நான் கேட்டதே இல்லைல்லா, எப்படித் தெரியும்?

கதவத் தொறக்கலை. அப்படியே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்னு அந்தத் துப்புரவு பண்ணுத அக்கா சொல்லுது. நான் ஒண்ணும் பேசலையாம். எனக்கு ஞாபகம் இல்ல.

வீட்டுக்குப் போயி அந்தப் பெட்டிய எடுத்துப் பரண்ல வச்சுட்டேன். கெட்டுப்போச்சுன்னு கோமதிகிட்டச் சொல்லியிருக்கேன். படத்தையும் கிழிச்சுட்டேன், செவத்துக்கு வெள்ளை அடிக்கணும்லா. அதனால நான் தோத்துட்டேன்னு நெனச்சுராதீங்க. அவ கொரலு என் கொரலுதான், அடிவயித்துலேருந்து வருது. மேடைக்கு ஆகும். என்ன, இன்னும் ஒரு ஏழெட்டு வருஷம்...

உங்க பையன் எப்படி, ஏதாவது சொல்லுவானா? இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே...

கதவு தொறக்குது பாருங்க. முடிஞ்சுட்டு போல. அந்தா வாரா. பச்சைப் பாவாடை, அதுதான் என் மக. நேரா இங்கதான் வாரா. கோமதி அங்கயே நின்னுட்டா. ஏன் நிக்கா? ஜெசிந்தா மேடமும் நிக்குது. யாழு! வா, வா, இன்னைக்கு என்ன வெளையாண்ட, பூனை...

இல்ல. இருக்கட்டும்.

என் முட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. என்னமோ இருக்கு அவகிட்ட. தம்பி, தப்பா நெனைக்காதீங்க, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. பிள்ளை என்கிட்ட ஏதோ சொல்ல வாரா.